இயற்கைப் பொருளும் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முகத்தில் லேசான அரிப்பு வந்தபோது, ரசாயனம் கலந்தவை இனி வேண்டாம் என்று முடிவு செய்து, மூலிகைச் சாறும் நறுமண எண்ணெயும் சேர்ந்த கிரீம், ஃபேஸ் வாஷ், ஷாம்பு என்று எல்லாவற்றையும் மாற்றினேன். முதலில் நன்றாகவே இருந்தது. கடந்த ஆறு மாதங்களாகக் கண்ணிமைகள் சிவந்து வீங்குகின்றன. கழுத்திலும் தாடையோரத்திலும் தோல் செதில் செதிலாக உரிகிறது. இரத்தப் பரிசோதனையில் அலர்ஜி எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. ஒவ்வொரு கிரீமாக மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இயற்கைப் பொருளே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் இனி எதைத்தான் பூசுவது? நான் பயன்படுத்தும் ஒன்பது பொருட்களின் மூலப்பொருள் பட்டியலை இணைத்திருக்கிறேன். தூங்கப் போகும் முன் லாவெண்டர் எண்ணெய் இரண்டு சொட்டு கழுத்தில் தடவிக்கொள்வது என் நெடுநாள் பழக்கம். அது ஒன்றுதான் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும், நீங்கள் இணைத்திருந்த ஒன்பது பட்டியல்களையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வந்தேன். ‘லினலூல்’ என்ற நறுமண வேதிப்பொருளின் பெயர் ஆறு பொருட்களில் இருந்தது. அதே வகையைச் சேர்ந்த ‘லிமோனீன்’ ஐந்தில் இருந்தது. லாவெண்டர் எண்ணெய் என்று நேரடியாகவே இரண்டில் குறிப்பிடப்பட்டிருந்தது. நீங்கள் கிரீமை மாற்றியிருக்கிறீர்கள், நிறுவனத்தை மாற்றியிருக்கிறீர்கள், விலையையும் மாற்றிப் பார்த்திருப்பீர்கள். ஆனால் தோலின் மீது படும் வேதிப்பொருளை நீங்கள் ஒருமுறைகூட மாற்றவில்லை. இத்தனை முயன்றும் பயன் கிடைக்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பதே என் முதல் எண்ணம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், கடிதத்தில் உள்ள விவரங்கள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இயற்கைப் பொருள் எப்படித் தீங்கு செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழப்பம் நியாயமானது. தோல் மருத்துவரிடம் வருபவர்களில் பலர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். ஒரு மூலக்கூறு செடியிலிருந்து வந்ததா, ஆலையில் தயாரானதா என்று தோலுக்குத் தெரியாது. லாவெண்டர் பூவிலிருந்து வடித்தெடுத்த லினலூலும் ஆய்வகத்தில் தயாரித்த லினலூலும் தோலுக்கு ஒன்றுதான். செடிகள் தம் மணத்தை நமக்காக உண்டாக்கிக்கொள்ளவில்லை; பூச்சிகளை விரட்டவும், பூஞ்சைகளைக் கொல்லவும், மகரந்தம் சுமக்கும் வண்டுகளை அழைக்கவும் அவை உருவாக்கிய வேதிப்பொருட்களே நாம் நறுமணம் என்று முகர்பவை. ஒரு சொட்டு நறுமண எண்ணெயில் இத்தகைய பொருட்கள் பத்துக்கணக்கில், சில எண்ணெய்களில் நூற்றுக்கும் மேலாக இருக்கும். ஆகவே, ரசாயனம் இல்லாத அழகுப் பொருள் என்று ஒன்று இருக்கவே முடியாது. எந்த ரசாயனம், எவ்வளவு, யாருடைய தோலில் என்பவைதான் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

இந்த இடத்தில் இரண்டு வகைப் பாதிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் இவற்றைக் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஒன்று எரிச்சல். வீரியமான ஒரு பொருள் பட்டதும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ சுரீரென்று காந்துவது, சிவப்பது. அளவு கூடினால் இது யாருக்கும் வரும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வில்லோ மரப்பட்டைச் சாறு, சாலிசிலிக் அமிலம், பழ அமிலங்கள் ஆகியவை தரும் காந்தல் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. மற்றொன்று ஒவ்வாமை. இது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பகை என்று பதிவு செய்துகொள்வதால் வருவது. இதில் காந்தலை விட அரிப்பு மேலோங்கி நிற்கும். பொருள் பட்டவுடன் வராமல் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே தலைகாட்டும். திங்கட்கிழமை பூசியதற்குப் புதன்கிழமை இமை வீங்கினால், செவ்வாய்க்கிழமை வாங்கிய கிரீமின் மீதுதான் எவருக்கும் சந்தேகம் வரும். நீங்களும் இந்தக் கால இடைவெளியால் ஏமாந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

‘முதலில் நன்றாகவே இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்கு மிக முக்கியமானது. ஒவ்வாமை பிறவியிலேயே வந்துவிடுவதில்லை. பழகப் பழகத்தான் உருவாகிறது. நறுமணப் பொருட்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. லினலூலின் மூலக்கூறு எடை 154 மட்டுமே. 500-க்குக் குறைவான எடையுள்ளவை தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போகக்கூடியவை. அப்படிப் போனவை அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போது, தோலில் காவல் நிற்கும் செல்கள் அந்தக் கலவையை அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று காட்டுகின்றன. அங்கே அந்தப் பொருளை மட்டுமே அடையாளம் காணத் தெரிந்த டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு செல்கள் பெருகுகின்றன. இதற்குக் குறைந்தது பத்துப் பதினைந்து நாட்களாவது ஆகும். பலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். பதிவு முடியும்வரை வெளியே எந்த அடையாளமும் தெரியாது. முடிந்த பிறகோ, சிறு அளவு பட்டாலும் போதும். பத்து ஆண்டுகளாகப் பூசி வருகிறேன், இன்றுவரை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அந்தப் பொருளைக் குற்றமற்றது என்று நிரூபிக்காது என்பதை இதனால்தான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இரத்தப் பரிசோதனை உங்களைத் தவறான நிம்மதிக்குக் கொண்டுபோய்விட்டது. அதில் பார்ப்பது ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை. தும்மல், மூச்சிரைப்பு, உடனடித் தடிப்பு போன்ற ஒவ்வாமைகளுக்கு அது உதவும். உங்களுக்கு இருப்பதாக நான் நினைப்பது டி செல்களால் வரும் தொடுகை ஒவ்வாமை. அதை இரத்தத்திலோ, ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையிலோ காண முடியாது. அதற்கென்று உள்ளது பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுப் பரிசோதனை மட்டுமே. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் லாவெண்டர் எண்ணெய்க்கு வருவோம். அது ஒன்றுதான் ஒத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தத்தோடு சொல்கிறேன், நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். லாவெண்டர் எண்ணெயில் பெரும்பகுதி லினலூலும் லினலில் அசிட்டேட்டும். புதிதாக வடித்த லினலூல் அவ்வளவு எளிதில் ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை. ஆனால் புட்டியைத் திறந்த நாளிலிருந்து காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு வினைபுரிந்து ஹைட்ரோபெராக்சைடுகளை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. தோலின் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடுபவை இவையே. சிட்ரஸ் தோல்களிலிருந்து எடுக்கும் எண்ணெயின் பெரும்பகுதியான லிமோனீனுக்கும் இதே கதைதான். புட்டியின் வாயைச் சுற்றி எண்ணெய் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறதா, மணம் முன்பிருந்ததை விடச் சற்றுக் காட்டமாக மாறியிருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். பாதி காலியான புட்டியில் மீதி இடத்தை நிரப்பியிருப்பது காற்று. கடைசிச் சொட்டுகள் முதல் சொட்டுகளைப் போன்றவை அல்ல. இரண்டு சொட்டு என்பது கேட்கச் சிறிதாகத் தெரிந்தாலும், கிரீமில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் பொருளை நீங்கள் எதிலும் கலக்காமல் நேரடியாக, அதுவும் ஒவ்வோர் இரவும், கழுத்தில் தடவியிருக்கிறீர்கள். கழுத்தில் உரிவதும் தாடையோரத்தில் உரிவதும் அதோடு பொருந்துகின்றன. காலையில் பூசும் கிரீமின் மீது பழி விழுந்துகொண்டிருக்கும்போது, இரவில் தடவும் எண்ணெய் நல்ல பெயரோடு தப்பித்துக்கொண்டிருக்கிறது என்பது என் ஊகம்.

பட்டியலில் வேறு சிலவற்றையும் கோடிட்டு வைத்திருக்கிறேன். முகப்பருவுக்காக வைத்திருக்கும் ஜெல்லில் டீ ட்ரீ எண்ணெய் இருக்கிறது. அதுவும் காற்றுப் பட்டுப் பழையதாகும்போதுதான் அதிகம் தொந்தரவு தரும், நேரடியாகத் தடவுவது மிக ஆபத்தானது. இதமளிக்கும் என்று வாங்கிய கிரீமில் கேமோமைல் சாறு இருக்கிறது. கேமோமைல், ஆர்னிகா, காலெண்டுலா ஆகிய மூன்றும் சாமந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பச் செடிகளில் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்னும் பொருட்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போவது அடிக்கடி நடப்பதே. உதட்டுத் தைலத்தில் தேனீக்கள் சேகரிக்கும் புரோபோலிஸ் பிசினும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலினும் இருக்கின்றன. இவை எல்லாம் உங்களுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. இவை ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியவை, சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றே சொல்கிறேன். பெர்கமாட் என்னும் சிட்ரஸ் பழத்தின் எண்ணெய் கலந்த சீரத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வார்த்தை: அதிலுள்ள ஃபியூரோகூமரின்கள் என்னும் பொருட்கள் வெயிலின் புறஊதாக் கதிர் பட்டதும் தோலைச் சுட்டுவிடக்கூடியவை, இது ஒவ்வாமை அல்ல, யாருக்கும் நேரலாம், பின்னால் விழும் கருமை பல மாதங்கள் நிற்கும். ஃபியூரோகூமரின் நீக்கியது என்று குறிப்பிடாத பெர்கமாட் எண்ணெயைப் பகலில் முகத்தில் பூசுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கண்ணிமை ஏன் முதலில் வீங்குகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விட முடியாது. இமையின் தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. உள்ளங்கை தாங்குவதை அதனால் தாங்க முடியாது. அதனால், இமையில் பூசாத பொருளும் இமையில் காட்டிக்கொடுக்கும். தலையில் தேய்த்த ஷாம்பு நுரை வழிந்து வருவது, நகத்தில் பூசியது விரல் வழியே ஒட்டுவது, தலையணையில் படிந்த எண்ணெய் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்கு இமைகள் காலையில் திறக்க முடியாத அளவுக்கு வீங்கும். மாலைக்குள் பாதி வடிந்துவிடும். அவர் முகத்தில் எதையும் பூசுவதையே நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. காலையில்தான் அதிகம் என்பதை வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே போனதில், கட்டிலுக்கு அருகே இரவு முழுதும் நறுமண எண்ணெயை ஆவியாக்கும் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் கணவருக்கு மூக்கடைப்பு என்பதற்காக வைத்தது. கருவியை நிறுத்திய மூன்றாம் வாரம் அவர் இமைகளில் சுருக்கம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஆகவே உங்கள் வீட்டில் மற்றவர்கள் பயன்படுத்தும் வாசனைத் திரவியம், அறையில் வைக்கும் நறுமணப் பொருள், துணிக்குப் போடும் வாசனை திரவம் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது என்பது பன்னிரண்டோ பதினைந்தோ ஆகலாம்.

லேபிளைப் படிப்பது பற்றி. முன்பக்கத்தில் எழுதியிருப்பதை மறந்துவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் படியுங்கள். ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைவு என்ற பொருளில் எழுதப்படும் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்கு 1975-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்டிஏ ஒரு விதியைக் கொண்டுவந்தது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. இன்றுவரை அந்தச் சொல்லுக்கு அங்கே சட்டப்படியான வரையறை கிடையாது. தயாரிப்பவர் என்ன பொருளில் எழுதுகிறாரோ அதுதான் அதன் பொருள். ‘அன்சென்டட்’ என்று இருந்தால் மணம் தெரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். மூலப்பொருளின் வாடையை மறைக்க இன்னொரு நறுமணப் பொருளைச் சேர்த்திருக்கலாம். ‘ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ’, அதாவது நறுமணப் பொருள் சேர்க்காதது, என்பது சற்று மேல். ஆனால் அதிலும், தோலுக்கு நல்லது என்ற பெயரில் லாவெண்டர் எண்ணெயைச் சேர்த்துவிட்டு, மணத்துக்காகச் சேர்க்கவில்லை என்று சொல்லிவிட இடம் இருக்கிறது. பூக்கள், இலைகளின் பெயர்கள் லத்தீன் மொழியில்தான் அச்சாகியிருக்கும்: லாவண்டுலா என்றால் லாவெண்டர், மெலலூக்கா என்றால் டீ ட்ரீ, சிட்ரஸ் என்று தொடங்கும் எல்லாவற்றிலும் லிமோனீன் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘பர்ஃபம்’, ‘அரோமா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல நறுமணப் பொருட்கள் ஒளிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து 26 நறுமண ஒவ்வாமைப் பொருட்களின் பெயரை, தோலில் தங்கும் பொருட்களில் 0.001 சதவீதத்தையும் கழுவிவிடும் பொருட்களில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால், தனியாக அச்சிட்டாக வேண்டும். 2023-ல் வந்த விதி அந்த எண்ணிக்கையை 80-க்கும் மேலாக உயர்த்தியிருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்டுத் தயாரானவற்றில் லினலூல், லிமோனீன், ஜெரானியால், யூஜெனால் என்று பெயர்கள் பட்டியலின் கடைசியில் வரிசையாக நிற்பது அதனால்தான். கடைசியில் இருப்பதால் அளவு குறைவு என்பது உண்மைதான்; ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்டவருக்கு அந்தக் குறைந்த அளவே போதுமானது என்பதும் உண்மை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. இன்றிரவிலிருந்து ஒன்பது பொருட்களையும், லாவெண்டர் எண்ணெயையும் சேர்த்து, நான்கு வாரங்களுக்கு முழுமையாக நிறுத்துங்கள். ஒன்றிரண்டை மட்டும் நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை என்பதை ஆறு மாதங்களாக நீங்களே கண்டுவிட்டீர்கள். நான்கு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு: தோலின் மேலடுக்கு கீழிருந்து புதிதாக வளர்ந்து மேலே வர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இந்த நாட்களில் முகத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும். தேவைப்பட்டால் மணம் சேர்க்காத, சோப்பு அல்லாத மிதமான கிளென்சரை மாலையில் ஒருமுறை பயன்படுத்துங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றிலும் காயும் முன்பே வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை மிக மெல்லியதாகப் பூசுங்கள். பெட்ரோலியத்திலிருந்து வருவதைப் பூசுவதா என்று நீங்கள் தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட இந்த ஜெல்லியில் மணமும் இல்லை, நீரும் இல்லை. நீர் இல்லாததால், கெடாமல் காக்கச் சேர்க்கும் பிரிசர்வேடிவும் தேவையில்லை. ஒவ்வாமை தருவது மிக மிக அரிது என்பதால்தான் ஒட்டுப் பரிசோதனையில் மற்ற பொருட்களைக் கலந்து வைக்கும் ஊடகமாக மருத்துவர்கள் இதையே பயன்படுத்துகிறோம். வெயிலுக்கு நிழலும் தொப்பியும் முதலில். சன்ஸ்கிரீன் தேவையென்றால் ஜிங்க் ஆக்சைடு மட்டும் கொண்ட, மணமற்ற ஒன்று. ஷாம்பூவையும் இதே கண்ணோடு தேர்ந்தெடுங்கள், தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள்.

முதல் வாரத்தில் தோல் இழுத்துப் பிடிப்பது போலவும், வெறுமையாகவும் தோன்றும். ஏதாவது பூச வேண்டும் என்று கை பரபரக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வார முடிவில் அரிப்பு குறையத் தொடங்கினால் நாம் சரியான வழியில் இருக்கிறோம்.

இதற்கிடையில் ஒட்டுப் பரிசோதனை செய்யும் தோல் மருத்துவரைக் கண்டுபிடித்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். 1895-ல் யோசெஃப் யாடஸ்ஸோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துக்காட்டிய முறை இது. இன்றும் இதைவிடச் சிறந்தது வரவில்லை. சந்தேகத்துக்குரிய பொருட்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து அகற்றி ஒருமுறை பார்ப்பார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இன்னொருமுறை பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்தும் பார்ப்பார்கள். இரண்டாவது முறை வரச் சொல்வதை வீண் அலைச்சல் என்று விட்டுவிடாதீர்கள்; ஒவ்வாமை தாமதமாக வருவது என்பதால் அந்த நாளில்தான் உண்மை தெரியும். முதுகை அந்த நாட்களில் நனைக்கக் கூடாது, வியர்க்கவும் விடக் கூடாது. முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவை முடிவை மறைத்துவிடும்.

பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் ஒரு விஷயத்தைத் தவறாமல் கேளுங்கள். வழக்கமான தொகுப்பில் ‘ஃபிராகிரன்ஸ் மிக்ஸ்’ என்ற கலவை இருக்கும். எட்டு நறுமணப் பொருட்கள் கொண்ட அந்தக் கலவையில் பாதிக்கு மேல் செடிகளில் இயல்பாகவே இருப்பவை. கிராம்பின் யூஜெனாலும் ரோஜாவின் ஜெரானியாலும் அதில் உண்டு. ஆனால் லினலூலும் லிமோனீனும் அதில் இல்லை. அவற்றின் ஹைட்ரோபெராக்சைடுகளைத் தனியாக வைத்துச் சோதிக்க வேண்டும். வெறும் லினலூலை வைத்தால் போதாது, காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்ததைத்தான் வைக்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால், எல்லாம் நெகட்டிவ் என்ற தாளோடு மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். உங்கள் சொந்தக் கிரீம்களையும் அசல் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள். சோப்பு, ஷாம்பு, ஃபேஸ் வாஷ் போன்ற கழுவிவிடும் பொருட்களை மருத்துவர் நீர்த்துத்தான் வைப்பார். அப்படியே மூடி ஒட்டினால் யாருடைய முதுகும் சிவக்கும். இதை வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம்; டீ ட்ரீ எண்ணெயையோ லாவெண்டர் எண்ணெயையோ நேரடியாக வைத்துப் பிளாஸ்டர் ஒட்டுவது, இல்லாத ஒவ்வாமையைப் புதிதாக உண்டாக்கிவிடக்கூடும்.

வீட்டில் செய்யத் தகுந்த சோதனை வேறு ஒன்று உண்டு. நான்கு வாரம் முடிந்து தோல் அடங்கிய பிறகு, திரும்பப் பயன்படுத்த விரும்பும் ஒரே ஒரு கிரீமை, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே முன்கையின் உட்புறத்தில், மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்கு, காலையும் மாலையும் பூசி வாருங்கள். மூடி ஒட்ட வேண்டாம். குறைந்தது ஏழு நாட்கள், முடிந்தால் இரண்டு வாரங்கள். நடுவில் அரிப்போ சிறு பருக்கள் போன்ற தடிப்போ தோன்றினால் அன்றே நிறுத்திவிடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் காதுக்குப் பின்னால், கழுத்தோரம், பிறகு கன்னம் என்று மெல்ல நகர்ந்து, இமையை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டுமே. தேதி, பொருளின் பெயர், என்ன தெரிந்தது என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், நினைவு ஏமாற்றும். ஒருமுறை பூசி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு செய்வது தொடுகை ஒவ்வாமையில் எதையுமே சொல்லாது.

இப்போதுள்ள வீக்கத்துக்கு ஏதாவது களிம்பு வேண்டும் என்று நினைப்பீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீமை இமையில் பூசாதீர்கள். தொடர்ந்து பூசினால் இமைத் தோல் மெலியும், கண்ணில் அழுத்தம் கூடவும் வாய்ப்பு உண்டு. நிறுத்தியதும் சிவப்பு முன்பை விட அதிகமாகத் திரும்பும். நேரில் பார்க்கும் மருத்துவர் மிதமான ஒன்றைச் சில நாட்களுக்குக் கொடுப்பதும், அல்லது டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைக் கொடுப்பதும் வேறு விஷயம்; அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். கண்ணில் வலியோ பார்வை மங்கலோ, சீழ், காய்ச்சல், பரவும் கொப்புளம் ஆகியவையோ இருந்தால் அந்த நாளே மருத்துவரைப் பாருங்கள். உதடும் நாக்கும் வீங்கி மூச்சு முட்டினால் அது நான் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வாமையே அல்ல; உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இனி எதைத்தான் பூசுவது என்று நீங்கள் எழுதியிருந்த வாக்கியத்தில் சலிப்பை விடப் பயம் அதிகம் தெரிந்தது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. காரணம் தெரியாத வரைக்கும் எதைத் தொட்டாலும் சந்தேகம்தான்; சிலர் நல்ல உணவையும் துணியையும்கூட ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போய்த் தங்கள் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் உடல் இயற்கை முழுவதையும் மறுக்கவில்லை. பெரும்பாலும் ஒன்றையோ, இரண்டையோ, மூன்றையோ தான் மறுக்கிறது. அந்தப் பெயர்கள் கையில் கிடைத்துவிட்டால், அவை இல்லாத செடிப்பொருட்களைக்கூட நீங்கள் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். மணமில்லாத தாவர எண்ணெய்களோ, நன்றாகச் சுத்திகரித்த ஓட்ஸ் சேர்ந்த கிரீமோ உங்களுக்கு ஒத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் தரும் பெயர்களை, அவற்றின் மாற்றுப் பெயர்களோடு சேர்த்து ஒரு சிறு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவான ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பொருள் படாதவரை அது உங்களை ஒன்றும் செய்யாது.

லாவெண்டர் எண்ணெய்ப் புட்டியை மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்த கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தலையணை உறையையும், இரவில் கழுத்தில் படும் துணிகளையும் மணமில்லாத சலவைத்தூளால் இரண்டு முறை துவையுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் அந்தப் புட்டியையும் மற்ற ஒன்பதோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாதங்களுக்கு முன் திறந்தது என்பதை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.